தலைவலிக்காரர் கதையில் நான் சொல்லாமல் விட்டது

தம்பி,

வெள்ளிக்கிழமை நீ போனை வைத்த பிறகு அல் கோபார் கடற்கரை நடைபாதையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோபம். பாதி உன் மேல், மீதி என் மேல். நித்யா திருச்சியில் தன் அம்மா வீட்டில் இருக்கிறாள், அடுத்த மாதம் பிரசவம். நீ துபாயில் இருக்கிறாய், நான் இங்கே சவுதியில். லீவு போட்டுவிட்டாயா என்றுதான் கேட்டேன். அதற்கு நீ, "அல் கூஸ் சைட் ஹேண்டோவர் டைம்ப்பா. இப்ப போனா என் சீட்ல வேற ஆள ஒக்கார வச்சிருவாங்க. நீங்கதான சொல்லுவீங்க, தலைவலிக்காரர் கதை" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் பழக்கதோஷத்தில் கூடச் சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் எதற்குச் சிரித்தோம் என்று உறைத்தது. இதையெல்லாம் மறுபடி போனில் சொன்னால் "ஓகேப்பா, ஓகேப்பா" என்று சொல்லியே என்னை முடித்துவிடுவாய். கடிதத்திடம் அந்த வித்தை பலிக்காது என்பதால் எழுதுகிறேன். உன் கம்பெனியில் உன்னைப் போலவே லீவு போடப் பயந்துகொண்டு யாராவது இருந்தால் அவர்களுக்கும் படிக்கக் கொடு. எனக்கு ஆட்சேபம் இல்லை.

அந்தக் கதை இருந்த சீட்டுக்கட்டு நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? நீ நாலாவது படித்தாய். அமெரிக்கக் குடும்பங்கள் இருந்த காம்பவுண்டில் எங்கள் கம்பெனிக்கு ஏசி மெயின்டனன்ஸ் வேலை. ஊருக்குத் திரும்பிய ஒரு குடும்பத்தார் சாமான்களை வாசலில் பரப்பி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். உன் அம்மாவுக்காக நான் ஒரு மிக்ஸியைக் குறிவைத்துப் போனேன். அதை வேறு யாரோ தூக்கிவிட்டார்கள். கடைசியில் கிடைத்தது ஒரு ஷூ டப்பா. உள்ளே பேஸ்பால் சீட்டுகள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். அந்த வீட்டுப் பையன் விவரமானவன். உலகமே அறிந்த பெரிய ஆட்டக்காரர்களின் சீட்டுகளையெல்லாம் பொறுக்கித் தன்னோடு கொண்டுபோய்விட்டான். டப்பாவில் மிஞ்சியவர்கள் எல்லாரும் யாருக்கும் தெரியாதவர்கள். அமெரிக்காவிலேயே பாதிப் பேர் மறந்துபோன ஆட்களைப் பற்றி, பேஸ்பால் மட்டையைக் கையால் தொட்டறியாத அப்பனும் பிள்ளையும் கரைத்துக் குடித்தோம். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கிரிக்கெட்டாவது பாருங்களேன், ஊர்ல நாலு பேர்கிட்ட பேசலாம்" என்றாள்.

உன்னைப் பள்ளியில் இறக்கிவிடப் போகும்போது நான் ஒரு கேள்வி கேட்பேன். பள்ளி வாசல் வருவதற்குள் நீ பதில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் சாயங்காலம்தான் விடை. நீ பாதி நாள் தெரிந்துகொண்டே சொல்லாமல் இறங்கிப் போவாய். சாயங்காலம் அப்பா மறுபடி அந்தப் பேச்சை எடுக்க வேண்டும் என்று உனக்கு ஆசை. எனக்கு அது தெரியும். தெரிந்தது மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. நீ ஸ்கூலில் இங்கிலீஷ், நண்பர்களோடு இங்கிலீஷ், தூக்கத்தில் உளறினால் அதுவும் இங்கிலீஷ் என்று ஆகிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு டியூட்டி முடிந்து வந்தால் "சாப்டியா, ஹோம்வர்க் முடிச்சியா" என்பதைத் தாண்டி உன்னிடம் பேச ஒன்றும் இருக்காது. அந்த ஷூ டப்பா இல்லாவிட்டால் நாம் இரண்டு பேரும் ஒரே காரில் போன இரண்டு பயணிகளாகத்தான் இருந்திருப்போம்.

உனக்கு ஒற்றைக் கைக்காரரைப் பிடிக்கும். உலகப்போருக்கு ஆட்டக்காரர்கள் போய்விட்ட சமயத்தில் பெரிய லீகில் இடம் கிடைத்து விளையாடியவர். கையுறையில் பந்தைப் பிடித்து, கையுறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அதே கையால் பந்தை எடுத்து எறிவாராம். நீ வீட்டில் ஒரு கையைப் பனியனுக்குள் விட்டுக்கொண்டு தக்காளியை வைத்துப் பழகி, சுவரெல்லாம் ரசம். எனக்கு ஓட்டக்காரரைப் பிடிக்கும். அவர் மட்டையைத் தொட்டதே இல்லை, பந்து வீசியதும் இல்லை. மற்றவர்கள் அடித்த அடிக்கு ஓடிக்கொடுக்க மட்டும் அவரை வேலைக்கு வைத்திருந்தார்கள். கல்ஃபில் அப்படிப்பட்ட வேலை பார்த்தவர்கள் நாங்கள் நிறையப் பேர் என்பதால் அவர் மேல் எனக்கு ஒரு பாசம். உன் அம்மாவுக்கு அந்தப் பதினேழு வயதுப் பெண். ஒரு காட்சி ஆட்டத்தில், அந்தக் காலத்து ராஜாக்களாக இருந்த இரண்டு மட்டையாளர்களை அடுத்தடுத்து வெறுங்கையோடு திருப்பி அனுப்பியவள். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தப் பொண்ணு பத்தி இன்னொரு தடவ சொல்லுங்க" என்பாள். காதே கேட்காத ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்காகத்தான் அம்பயர்கள் கையால் சைகை காட்ட ஆரம்பித்தார்கள் என்று சீட்டில் போட்டிருந்தது. அப்படியில்லை என்று சொல்கிறவர்களும் உண்டு என்று நீ பிறகு ஒருநாள் வந்து சொன்னாய். எந்தக் கதையையும் அடிவரை தோண்டிப் பார்க்கும் புத்தி உனக்கு அப்போதே இருந்தது.

தலைவலிக்காரர் சீட்டு என்னுடையது. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பேர்பெற்ற ஒரு அணியில் முதல் பேஸ் என்ற இடத்தில் வருஷக்கணக்காக நின்று ஆடியவர். ஒருநாள் தலைவலி என்று மேனேஜரிடம் சொன்னார். இன்றைக்கு ஓய்வெடு, அந்தச் சின்னப் பையன் ஆடட்டும் என்றார் மேனேஜர். அந்தச் சின்னப் பையன் அதற்குப் பிறகு வருஷக்கணக்காக ஒரு ஆட்டம்கூட விடாமல் ஆடினான். தலைவலிக்காரருக்கு அந்த இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை. இந்தச் சீட்டைப் படித்த அன்றைக்கே நான், "இது நான்டா" என்று உன்னிடம் சொன்னேன். நீ பிறக்கும் சமயத்தில் ஒரு மாத லீவில் நான் ஊருக்குப் போனதையும், திரும்பி வந்து பார்த்தால் என் மேஜையில் என் வாக்கிடாக்கியை வைத்துக்கொண்டு வேறொருவர் உட்கார்ந்திருந்ததையும், ஃபோர்மேனாகப் போனவனை ஸ்டோருக்கு அனுப்பி ஏசி ஃபில்டரும் பெல்ட்டும் எண்ண வைத்ததையும் சொன்னேன். அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதை உண்டு. ஓணம் விருந்துக்குப் போனாலும் உண்டு. "இவன் பொறந்தான், என் சீட்டு கிழிஞ்சிது" என்று உன் தலையைத் தட்டிக்கொண்டே முடிப்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். அப்போது உன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

நீ ஏழாவது படிக்கும்போது என்று நினைக்கிறேன், ஸ்கூல் லைப்ரரியில் ஏதோ புத்தகத்தைப் படித்துவிட்டுக் காரில் ஏறியதும் ஏறாததுமாகச் சொன்னாய். "அப்பா, ஹெட்டேக் ஸ்டோரி சும்மாப்பா. ஹி வாஸ்ன்ட் ஹிட்டிங் வெல். டீமே அப்ப சரியா ஆடல. மேனேஜர் அவரோட சேத்து இன்னும் சில பேரையும் மாத்திட்டாரு. தலைவலியெல்லாம் பின்னாடி சொன்ன கதை." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "புத்தகத்துல போட்டா எல்லாம் வேதமா? சீட்டுல போட்டிருக்கே" என்று அதட்டினேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். ஒரு பேஸ்பால்காரருக்கு உண்மையிலேயே தலை வலித்ததா இல்லையா என்பதில் எனக்கு என்ன அவ்வளவு ரோஷம் என்று நீ யோசித்திருப்பாய். அவருடைய தலைவலி பொய்யானால் என்னுடைய லீவும் ஆட்டம் கண்டுவிடுமே என்பதுதான் ரோஷம். அப்போது எனக்கே அது விளங்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் எனக்கு ஃபைனல் எக்ஸிட் விசா அடித்து வந்தது. இக்காமா அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரேயடியாக ஊரைப் பார்க்கப் போகவேண்டியதுதான். கம்பெனி ஆட்கள் சேர்ந்து ஹோட்டலில் ஒரு விருந்து வைத்தார்கள். அதற்குச் செல்வராஜும் வந்திருந்தார். செல்வராஜ் யார் என்று உனக்குத் தெரியும், என் மேஜையில் உட்கார்ந்தவர். சாத்தான்குளத்துக்காரர். இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் சலாமைத் தாண்டி நாலு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குப் பிரியாணி முடிந்து சுலைமானி டீ வந்ததும் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, போறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். நீங்க ஏன் எங்கிட்ட மட்டும் பேசவே மாட்டீய?"

சீட்டுக் கதையை அவருக்கும் சொன்னேன். கொஞ்சம் குத்தலாகவே சொன்னேன். லீவில் போன மனுஷனின் இடத்தில் வந்து உட்கார்ந்தவரிடம் என்ன பேச்சு என்று கேட்டேன். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒங்க லீவுக்கும் நான் வந்ததுக்கும் என்ன சம்பந்தம்? புதுசா வந்த மேனேஜர் பஹ்ரைன்ல எனக்கு மேனேஜரா இருந்தவருல்லா. அவருதான் கூப்பிட்டாரு. ஒங்க லீவு பேப்பர் ஆபீசுக்குப் போறதுக்கு முன்னாலயே மெடிக்கல் முடிஞ்சி, எனக்கு பாம்பேல விசா அடிச்சாச்சு. டிக்கெட்டுக்குத்தான் காத்துக் கெடந்தேன். நீங்க போனாலும் போவாட்டாலும் நான் வந்திருப்பேன் அண்ணாச்சி. கம்பெனியில ஒருத்தரும் ஒங்ககிட்ட சொல்லலியா?"

தம்பி, எனக்கு யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. வாழ்க்கையில் பாதியை இந்த மண்ணில் கழித்தவன் நான். ஒரு ஆளைப் புது விசாவில் இறக்க எத்தனை மாதம் ஆகும் என்று கேம்ப்பில் பாத்திரம் கழுவுகிறவருக்குக்கூடத் தெரியும். மெடிக்கல், அட்டஸ்டேஷன், ஸ்டாம்பிங் என்று எத்தனை படி. என் ஒரு மாத லீவுக்குள் ஊரிலிருந்து ஒரு மனுஷன் முளைத்து வந்து என் மேஜையில் உட்கார வழியே கிடையாது. மற்றவன் விசாவுக்கெல்லாம் இந்தக் கணக்கைப் போட்டு ஆலோசனை சொன்னவன், என் விஷயத்தில் போட்டுப் பார்க்கவே இல்லை. ஏன் தெரியுமா? லீவால் வேலை போனது என்பது நல்ல கதை. பெண்டாட்டி பிள்ளைக்காகப் பதவியை விட்ட அப்பன் என்று நாலு பேர் பார்ப்பார்கள். புது மேனேஜருக்கு என்னைப் பிடிக்கவில்லை, தனக்குத் தெரிந்த ஆளைக் கொண்டுவந்தார் என்பது கதையே இல்லை. அதை விருந்தில் சொன்னால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். நீ பன்னிரண்டு வயதில் காரில் சொன்னது இதுதான். நான் காது கொடுக்கவில்லை.

செல்வராஜ் அதோடு விடவில்லை. "அது கெடக்கட்டும், நான் சேர்ந்த அன்னைக்கு சில்லர் ரூம்ல எந்த வால்வு எதுக்குன்னு எழுதுன டேக் ஒண்ணு கூட இல்ல. எவனோ பித்தளைக்கு ஆசப்பட்டுக் கழட்டிட்டான்னு நெனச்சேன். நானே ஒண்ணொண்ணா தொறந்து பாத்து, புதுசா டேக் அடிச்சு மாட்டுனேன்" என்றார். நான் சுலைமானியை ரொம்ப ருசித்துக் குடிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். கழற்றியது நான்தான். லீவில் போகிறவன் தன் இடத்தைப் பார்க்க வரும் ரிலீவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்கக் கூடாது, நாம் இல்லாமல் அவன் திண்டாட வேண்டும், அப்போதுதான் நம் அருமை தெரியும் என்பது அன்றைக்கு எங்கள் ரூமில் எல்லாரும் நம்பிய சாஸ்திரம். அந்த மனுஷன் ஒரே நாளில் எல்லா வால்வையும் கண்டுபிடித்துவிட்டார். உன் சைட்டில் இப்போது நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீ என் பிள்ளை என்பதால் ஒரு சந்தேகம் இருக்கிறது. உன் தலைக்குள் மட்டும் பூட்டி வைத்திருக்கிற விஷயம் ஏதாவது இருந்தால், நாளைக்கே உன் ஜூனியரைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்துவிடு. பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு நாம் செய்கிற இந்தச் சின்னத்தனம் எதையும் காப்பாற்றாது.

இன்னொன்றும் தோன்றியது. நான் முதன்முதலில் அந்த மேஜைக்குப் போனபோது டிராயரில் ஒரு டீ கிளாஸ் இருந்தது. எனக்கு முன்னால் இருந்த எகிப்துக்காரருடையது என்றார்கள். அவர் ஏன் போனார், அவர் லீவில் போனபோதுதான் என்னைப் போட்டார்களா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. அந்த கிளாஸில்தான் வருஷக்கணக்காக டீ குடித்தேன். எகிப்தில் எங்கேயோ அவர் வீட்டில் என்னைப் பற்றியும் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கலாம். இங்கே எல்லா நாற்காலியும் இன்னொருவர் எழுந்து போன நாற்காலிதான். உன்னுடையதும் அப்படித்தான். உன் இடத்துக்கும் ஒருநாள் ஆள் வருவான். நீ நாற்காலியில் இருக்கும்போதே வருவான், இல்லாதபோதும் வருவான். வராமலும் போகலாம். அதற்கும் நித்யாவின் பிரசவத்துக்கும் முடிச்சுப் போடாதே. போட்டுக் கொடுத்தவன் நான், நானே அவிழ்க்கிறேன். தலைவலிக்காரர்கூட வேறு அணிக்குப் போய்ச் சில வருஷம் நன்றாகவே ஆடினார். அது அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே, கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கிறது. உனக்கு நான் அதை ஒருநாளும் படித்துக் காட்டியதில்லை.

உன் அம்மா நேற்று ஊரிலிருந்து பேசினாள். நித்யாவிடம் "அவன் எப்பம்மா வர்றான்" என்று கேட்டாளாம். "நான் கேக்கவே இல்ல அத்த. கேட்டா வரலன்னு சொல்லிருவாங்க. கேக்காம இருந்தா வரலாம்ல" என்றாளாம் அந்தப் பெண். அல் குசைஸில் நீ வைத்திருக்கிற அந்த ஃப்ளாட்டில் உட்கார்ந்துகொண்டு இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படி.

இத்தனை வருஷமாக நான் கதையை எப்போதும் ஒரே இடத்திலிருந்துதான் ஆரம்பித்திருக்கிறேன். லீவு முடிந்து, தம்மாமில் இறங்கி, ஆபீசுக்குப் போய், மேஜையில் வேறு ஆள். லீவில் என்ன நடந்தது என்று உனக்குச் சொன்னதே இல்லை. நீயும் கேட்டதில்லை, இருவருக்கும் சிரிக்க ஒரு கதை போதுமானதாக இருந்தது. இப்போது சொல்கிறேன். திருச்சியில் அந்த ஆஸ்பத்திரி வார்டில் உன் அம்மா கட்டிலுக்கு நேர் மேலே ஒரு ஃபேன். ஓடும்போது ஒரு பக்கமாக ஆடிக்கொண்டு, கடகடவென்று சத்தம். அவளுக்கு வலி ஒரு பக்கம், அந்த ஃபேன் தலையில் விழுந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். வலிக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஃபேனுக்கு முடியும். மத்தியானம் அவளை லேபர் ரூமுக்கு அழைத்துப் போனதும், வாட்ச்மேனிடம் ஸ்குரூடிரைவரும் ஸ்பேனரும் ஸ்டூலும் வாங்கி மேலே ஏறிவிட்டேன். ஃபேனின் மேல் மூடியை இறக்கி, வாயில் ஸ்குரூவைக் கடித்துக்கொண்டு, போல்ட்டை முறுக்கிக்கொண்டிருக்கும்போது கீழே சத்தம். நர்ஸ் உன்னைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். "பையன் பொறந்திருக்கான். மொதல்ல எறங்குங்க சார்" என்று ஒரே மூச்சில் வாழ்த்தும் திட்டும் கொடுத்தார். வாயில் ஸ்குரூ இருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உன்னை முதன்முதலாக நான் பார்த்தது ஸ்டூலின் மேலிருந்துதான். கையில் கிரீஸ். உன்னை வாங்கக்கூட முடியவில்லை. கையைக் கழுவிவிட்டு ஓடி வந்தால் உன் அத்தை வாங்கிக்கொண்டுவிட்டாள். சாயங்காலம் உன் அம்மாவைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணைத் திறந்தவள் உன்னைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் மேலே பார்த்து, "ஃபேன் சத்தமே இல்லயே" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எதிரில் ஃபோர்மேன் வேலை எந்த மூலைக்கு? ஸ்டோரில் பெல்ட் எண்ணிக்கொண்டிருந்த நாட்களில் எத்தனையோ தடவை நான் அதை நினைத்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். மேஜை போன கோபம் இருந்தது, ஆனால் அந்த லீவை எடுத்ததில் எனக்கு உள்ளூர ஒரு நஷ்டமும் தோன்றியதில்லை. அதை மட்டும் உன்னிடம் சொல்ல விட்டுவிட்டேன். நீ பிறந்ததால் எனக்கு எதுவும் கிழியவில்லை தம்பி.

என் டிக்கெட்டைத் துபாய் வழியாகப் போட்டிருக்கிறேன். தம்மாமிலிருந்து நேராகப் போக வழி இருக்கிறது, ஆனாலும் இப்படித்தான் கேட்டேன். துபாயிலிருந்து திருச்சிக்குப் போகும் விமானம் எது, என்றைக்கு என்பதெல்லாம் உனக்கு மெசேஜ் அனுப்பியாகிவிட்டது. என் பக்கத்து சீட்டை உனக்காகப் பிடித்துவைக்க எனக்கு அதிகாரம் இல்லை. அதை நீதான் வாங்க வேண்டும். ஹேண்டோவரை உன் ஜூனியர் பார்த்துக்கொள்வான். பார்த்துக்கொள்ளாவிட்டாலும் கட்டடம் அங்கேயேதான் நிற்கும்.

நம் கார் கேள்விகளில் இது கடைசி. நித்யா கண்ணைத் திறக்கும்போது எதிரில் நிற்பது யார்? தெரிந்தும் சொல்லாமல் இறங்கிப் போகிற வேலையெல்லாம் இதற்கு வேண்டாம். சாயங்காலம் விடை சொல்ல அப்பாவாலும் முடியாது.

வார்டில் ஃபேன் ஏதாவது ஆடினால் நான் ஏறிப் பார்த்துக்கொள்கிறேன். நீ கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு கீழேயே நில்.

அப்பா